சுவருக்கு அந்தப் பக்கம்

"தாத்தா பரலோகத்துக்குப் போனா அங்கயும் குறை சொல்வாராம்மா?"

போன மழைக்காலத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் குருவி இப்படிக் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பக்கத்தில் இருந்த அவளுடைய அப்பாவுக்குப் புரையேறியது. உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்த தாத்தாவின் காதிலும் அது விழுந்துவிட்டது. "முதல்ல இந்தக் கதவுக்கு எண்ணெய் போடச் சொல்லு. பரலோகத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்று அங்கிருந்து பதில் வந்தது.

அன்றைக்குக் குருவியின் அம்மா மகளை அதட்டி வாயை அடைத்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. இன்று கூடத்தில் அந்தத் தாத்தா, அதாவது அவளைப் பெற்ற அப்பா, பெட்டிக்குள் கண்மூடிக் கிடக்க, சமையலறையில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோதும் அதுதான் மனதில் ஓடியது. கழுவிய கோப்பை ஒன்றை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். விளிம்பில் சின்னதாக ஒரு கீறல். அதைத் தனியே எடுத்து வைத்தாள்.

"அக்கா."

தம்பி கதவருகே நின்றான். விடியற்காலையில்தான் வெளியூரிலிருந்து வந்து இறங்கியிருந்தான். பயணத்தில் கசங்கிய சட்டையை இன்னும் மாற்றவில்லை.

"நன்றி சொல்றப்போ நீ என்ன சொல்லப்போற?"

அவள் குழாயை நிறுத்தவில்லை. "உண்மையத்தான்."

"அதான் பயமா இருக்கு."

அவர்களுடைய சபையில் ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் வீட்டார் ஒவ்வொருவராக வந்து நின்று, இறந்தவரை முன்னிட்டுக் கடவுளுக்கு ஏதேனும் ஒன்றுக்காக நன்றி சொல்ல வேண்டும். நீண்ட பேச்சு கூடாது. புகழ்ச்சி கூடாது. ஒன்றே ஒன்று, உண்மையானதாக இருக்க வேண்டும். யார் கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டாரோ அவர் கடைசியாகச் சொல்வார். அதன்பிறகு மூடியை வைப்பார்கள்.

அம்மா இறந்தபோது கடைசியாக நின்றவர் அப்பா. கூடம் நிறைய ஆட்கள். அப்பா வெகுநேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது, மூடி கோணலாக இருக்கிறது என்பதுதான். தச்சர் ஓடிவந்து இழைப்புளியால் அதைச் சரிசெய்யும்வரை சபை மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தது. யாரோ பின்னாலிருந்து அடக்க முடியாமல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் இன்றுவரை மறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் அவருக்குச் சமைத்துப்போட்டு, துவைத்துப்போட்டு, அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டே தேய்ந்துபோனவளுக்கு ஒரு நன்றி சொல்ல வரவில்லை. மூடியில் குறை கண்டுபிடிக்க வந்தது.

அவர் தொழிலே அதுதான். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் பரிசோதகர். வெளிச்சத் திரைக்கு முன்னால் வரிசையாக ஓடும் பாட்டில்களில் கீறலோ குமிழோ உள்ளவற்றைப் பொறுக்கித் தொட்டியில் எறிய வேண்டும். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பூதக்கண்ணாடி.' ஓய்வு பெற்றபின் தொழிற்சாலை அவரை விட்டது. பூதக்கண்ணாடியை அவர் விடவில்லை. தலையணைப் பஞ்சு கட்டிகட்டியாக இருக்கிறது, மின்விசிறி ஒரு பக்கமாகச் சுற்றுகிறது, பாடற்குழுவில் ஒருவர் அரைச்சுரம் கீழே பாடுகிறார், மருமகன் செருப்பை ஒழுங்காக விடுவதில்லை. படுக்கையில் விழுந்த பிறகு உடம்பு அடங்கியது, நாக்கு அடங்கவில்லை.

"நான் சொல்லப்போறத நீயும் கேட்டுக்கோ" என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே. "அம்மாவுக்கு அவர் நன்றி சொல்லல. எனக்கும் சொல்லல. அதனால எனக்கும் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. இவ்வளவுதான்."

தம்பி தரையைப் பார்த்தான். சபை முன்னால் அப்படிச் சொன்னால் அது ஊருக்குள் எத்தனை வருஷம் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த வாக்கியங்களை விடியற்காலையிலிருந்து மனதுக்குள் தீட்டி வைத்திருந்தாள்.

போதகர் வந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். தம்பி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர் அறிவுரை சொல்ல வரவில்லை. பொய் மட்டும் சொல்ல வேண்டாம் என்றார். உண்மையாக ஒன்றும் தோன்றவில்லையென்றால் ஆமென் என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார். போகும்போது திரும்பி, "கோபத்துல சொல்றதும் பாதி உண்மதாம்மா. மீதிப் பாதிக்கு ஒரு நிமிஷம் இடம் விட்டுப் பேசுங்க" என்றார்.

அது அவளுக்குப் பிடிக்கவில்லை. போதகர் தாமதமாக வந்ததும் பிடிக்கவில்லை. பூக்கள் ஏற்கனவே வாடியிருந்தன. வந்தவர்களில் பாதிப் பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உட்கார நாற்காலிகள் போதவில்லை. கணவன் பேருந்து ஓட்டுநர். பணிமனைக்கு விடுப்புச் சொல்லப் போனவன் வரும் வழியில் நாற்காலிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லி, மறந்துவிட்டு வந்து நின்றான்.

"அடுத்த வீட்டுல கேட்டா குடுப்பாங்களே" என்றான் மெதுவாக.

அடுத்த வீட்டுக்கு அவள் போய் மாதக்கணக்காகிவிட்டது.

அங்கே இருப்பவரைத் தெருவில் எல்லோரும் தையலக்கா என்பார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் ஜன்னலோரம் தையல் இயந்திரம். இந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். இயந்திரம் ஓடத் தொடங்கினால் அப்பா கைத்தடியால் சுவரைத் தட்டுவார். அது நின்று, சற்றுப் பொறுத்து மறுபடி ஓடும். இவர் மறுபடி தட்டுவார். ஒருநாள் அப்பாவின் மேலிருந்த எரிச்சலையெல்லாம் சுமந்துகொண்டு போய் அதைத் தையலக்காவின் தலையில் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். நோயாளி இருக்கிற வீடு என்று தெரியாதா, கொஞ்சமாவது மனசாட்சி வேண்டாமா என்றெல்லாம் கேட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து சத்தம் நின்றுபோயிற்று. சத்தம் எங்கே போயிற்று என்று அவள் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து அப்பா, "என்ன இது, ஒரு சத்தமும் இல்லாம? வீடா இது, கல்லறையா?" என்று அதற்கும் குறை சொன்னார்.

இப்போது தம்பியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். முன்கதவு திறந்தேயிருந்தது. ஜன்னலோரம் காலியாகக் கிடந்தது. தரையில் இயந்திரத்தின் இரும்புக் கால்கள் பதிந்த நான்கு தடங்கள் மட்டும் இருந்தன. கூப்பிட்டதற்குப் பின்பக்கத்திலிருந்து பதில் வந்தது.

வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தில், தகரக் கூரைக்கடியில் இயந்திரம் நின்றது. மேலே ஒரு குண்டு பல்பு. சுவரில் ஈரம் படர்ந்திருந்தது. தையலக்கா கையில் ஒரு பள்ளிச் சட்டையின் காலரைப் பிடித்துக்கொண்டு, நூல் நுனியை எச்சிலில் நனைத்து, ஊசிக் கண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். நூல் ஊசிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிற்று. இவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வா கண்ணு. இதோ வந்துக்கிட்டேதான் இருக்கேன். நாளைக்கு இந்தச் சட்டைங்கள குடுக்கணும், ஒரு காலரை மட்டும் முடிச்சுட்டு வரலாம்னு உக்காந்தேன்."

"இத ஏன் இங்க கொண்டுவந்து போட்டீங்க?" அவள் கேட்க நினைத்தது வேறு தொனியில். வந்தது அப்பாவின் தொனி. "ஈரத்துல துருப்பிடிக்காதா? கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

தையலக்கா சிரித்தார். "அப்பாவுக்குத் தூக்கம் கெடுதுன்னு நீதானே வந்து சொன்ன. ஒரே சுவரு, என்ன பண்றது. இங்க ஒரு கஷ்டமும் இல்ல. ஊசி கோக்கத்தான் வெளிச்சம் பத்தல. பால்காரம்மா வரும், தபால்காரர் வருவாரு, யாராச்சும் கோத்துக் குடுத்துட்டுப் போவாங்க."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியது. ஆனால் தையலக்கா அதற்குள் நாற்காலிகளை எடுத்துத் தம்பியின் கையில் அடுக்கத் தொடங்கிவிட்டார்.

திரும்பும்போது சந்தில் தம்பி நின்றான். நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினான்.

"ஒவ்வொரு ஞாயிறும் அப்பா எனக்குப் போன் பண்ணுவாரு தெரியுமில்ல?"

"தெரியும். உன்கிட்ட மட்டும் பேச வாய் இருந்துச்சு."

"பேச்செல்லாம் இல்லக்கா. முறுமுறுப்புதான். மின்விசிறி, தலையணை, மச்சானோட செருப்பு, இந்தத் தையலக்காவோட மெஷினு, போதகரோட பிரசங்கம். நான் ரொட்டி சாப்பிட்டுக்கிட்டே கேப்பேன். முடிஞ்சுடும், வச்சுடுவாரு." கீழே வைத்த நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிசெய்தான். "உன்னைப் பத்தி மட்டும் ஒரு தடவகூட குறை வந்ததில்ல."

"நல்லதா ஏதாவது வந்துச்சா?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு ஆசை இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"இல்ல" என்றான்.

அவள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கூடத்தில் பாட்டு முடிந்து நிசப்தமாயிற்று. முதலில் தம்பி சொன்னான். அப்பா தன்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டதற்காகக் கடவுளுக்கு நன்றி என்றான். அடுத்து அவள் கணவன். "மாமா ஒருநாள் என் பஸ்ல வந்தாரு. இறங்கும்போது பிரேக்ல ஏதோ சத்தம் கேக்குதுன்னாரு. எனக்குக் கேக்கல. இருந்தாலும் அவர் தொல்லை தாங்காம பணிமனையில காட்டினேன். அன்னைக்குக் காட்டலேன்னா அடுத்த நாள் மலைப்பாதையில பிரேக் போயிருக்கும்னாங்க. அந்தக் காதுக்காக ஸ்தோத்திரம்" என்றான். லேசான சிரிப்பலை ஒன்று எழுந்து அடங்கியது. கனிவான சிரிப்புதான். ஆனாலும் அவளுடைய முதுகு விறைத்தது.

பிறகு அவள் முறை.

பெட்டியருகே போய் நின்றாள். தீட்டி வைத்த வாக்கியங்கள் தயாராக இருந்தன. தம்பி இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டு நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. போதகர் தலையைக் குனிந்திருந்தார்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மழித்த கன்னங்கள். நேற்றுக் காலைதான் மழித்துவிட்டாள். நடமாடிய காலத்தில் அவர் சண்டை போடாத சலூன் ஊரில் கிடையாது. ஒருவர் கிருதாவை ஏற்றத்தாழ்வாக வெட்டினார், ஒருவர் கத்தியைக் கழுவவில்லை, ஒருவருக்குக் கை நடுக்கம். படுத்தபிறகு அந்த வேலை அவளிடம் வந்தது. அவளுக்கு அதில் ஒரு பழக்கமும் கிடையாது. முதல் நாள் பயந்துகொண்டே கத்தியை வைத்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் தானாகவே மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டுவார். அந்த மௌனத்தை அவள் அலட்சியம் என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். நேற்றும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். மத்தியானம் அவர் போய்விட்டார்.

சிறுமியாக இருந்தபோது தம்பியோடு அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவாள். வெளிச்சத் திரைக்கு முன்னால் பாட்டில்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். அப்பா திடீரென்று ஒன்றைப் பறித்துத் தொட்டியில் எறிவார். அது உடையும் சத்தத்தில் அவள் காதைப் பொத்திக்கொள்வாள். நல்ல பாட்டிலை என்னப்பா பண்ணுவீங்க என்று ஒருமுறை கேட்டாள். அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், "ஒண்ணும் பண்ண மாட்டேன். அது தானா போயிடும்" என்றார்.

அது தானா போயிடும்.

கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். யாரோ இருமினார்கள். காத்திருப்பு நீண்டுகொண்டிருந்தது. தச்சர் மூடியைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கண் அதன்மேல் போயிற்று. விளிம்பு நேராக இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை அது தேடியது. அவளறியாமலே தேடியது. காலையிலிருந்து கோப்பை, பூ, போதகர், நாற்காலி, கணவன் என்று எல்லாவற்றின்மேலும் இதே கண்தான் ஊர்ந்திருக்கிறது. இரவில் முழங்காலிட்டு ஜெபிக்கும்போதுகூட அவள் கடவுளிடம் எதைக் கொண்டுபோயிருக்கிறாள்? தொட்டியில் எறிந்தவற்றைத்தான். தானாகப் போனவற்றை ஒருநாளும் இல்லை.

அம்மாவின் பெட்டி நினைவுக்கு வந்தது. அப்பா அன்று சொன்னது அந்த ஒரு வாக்கியம் மட்டுமில்லை. அதற்குப்பின் இன்னொன்றும் சொன்னார். பின்னாலிருந்து வந்த சிரிப்பில் அது அமுங்கிப்போயிற்று. பக்கத்தில் நின்ற அவள் காதில் விழத்தான் செய்தது. இத்தனை காலமும் அதை அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

"மூடி கோணலா இருக்கு. மண்ணு உள்ள போயிடும்."

அவள் வாயைத் திறந்தாள். தீட்டி வைத்தது எதுவும் வரவில்லை.

"எங்கம்மா மேல மண்ணு படக் கூடாதுன்னு பாத்தாரு" என்றாள். "அதுக்காக ஸ்தோத்திரம்."

நகர்ந்துவிடலாம். நகரவில்லை.

"என் கையில அவர் ஒரு குறையும் சொல்லல. அது எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நாம ஒண்ணும் பாட்டில் இல்லயே."

கூடத்தில் எவருக்கும் அந்தக் கடைசி வாக்கியம் முழுதாகப் புரிந்திருக்காது. தம்பிக்குப் புரிந்தது. அவன் முகத்தை மூடிக்கொண்டான். போதகர், ஆமென் என்றார். தச்சர் மூடியைக் கொண்டுவந்தார். அவள் குனிந்து நான்கு விளிம்புகளிலும் விரலை ஓட்டிப் பார்த்தாள். பின் தலையசைத்தாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்ப மாலையாகிவிட்டது. சபைப் பெண்கள் சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டார்கள். அவளை உட்காரச் சொன்னார்கள். தையலக்கா கைகளை முழங்கைவரை நனைத்துக்கொண்டு பாத்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று யாரோ சொன்னபோது, இந்தக் கோப்பைகளை முடித்துவிட்டுப் போகிறேன் என்றார். அவள் கதவருகே நின்று கூப்பிடப் பார்த்தாள். அத்தனை பேருக்கு நடுவில் என்ன சொல்வது? சொன்னால் அந்த அம்மா சிரித்துத் தட்டிவிடுவார்.

நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதாகக் கணவனிடம் சொன்னாள். தானும் வரட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றாள். பிறகு அவன் தோளைத் தொட்டு, மாமனாருக்காக இத்தனை மாதம் அவன் கூடத்துத் தரையில் படுத்துக் கிடந்ததைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, முடிக்கத் தெரியாமல் விட்டாள். அவன் அவளை வினோதமாகப் பார்த்தான்.

அடுத்த வீடு திறந்துதான் கிடந்தது. உள்ளே எவருமில்லை. நாற்காலிகளை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். இயந்திரத்தின் கால்களுக்கடியில் ஒரு பழைய சாக்கை மடித்துத் திணித்தாள். இழுத்தாள். அசையவில்லை. தோளைக் கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்கி நகர்த்தி, பிறகு மறுபக்கத்தைத் தூக்கி நகர்த்தி, வாசற்படியில் சற்று நின்று மூச்சுவிட்டு, மறுபடி இழுத்தாள். இரும்பு முழங்காலில் இடித்தது. ஜன்னலோரம் வந்ததும் சாக்கை உருவினாள். நான்கு தடங்களிலும் நான்கு கால்களும் பழையபடி உட்கார்ந்தன.

ஈரத்தைத் துடைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடி எடுத்து, சுழலும் இடங்களில் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். தைத்துவைத்த சட்டைகளையும் தைக்க வேண்டியவற்றையும் கொண்டுவந்து அதே ஒழுங்கில் அடுக்கினாள். கடைசியாக ஊசிக்கு நேராகக் குனிந்தாள். ஜன்னலில் வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வெளிச்சத்தில் ஊசிக் கண் தெளிவாகத் தெரிந்தது. நூல் முதல் முறையிலேயே போயிற்று. நுனியைக் கொஞ்சம் நீளமாகவே இழுத்துவிட்டாள்.

கதவை இருந்தபடியே விட்டு வந்தாள்.

வீட்டில் உள்ளறைக் கட்டில் வெறுமையாக இருந்தது. விரிப்பை உருவி மடிக்கத் தொடங்கினாள். குருவி வந்து தாத்தாவின் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் ஓய்ந்தது. வாசலில் யாரோ விடைபெற்றுப் போனார்கள். பக்கத்து வீட்டில் காலடி கேட்டது. பின்பக்கம்வரை போய், நின்று, மெல்லத் திரும்பி வந்தது. பிறகு வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒரு தையல் தூரம் ஓடி நின்றது, இந்தப் பக்கத்திலிருந்து தட்டுகிற சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல. குருவி தடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவள் மடித்த விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

அது மறுபடியும் ஓடத் தொடங்கியது.